ஒரு சாண் மண்

செமராங் நகரத்தின் வடக்கு ஓரத்தில், ரயில் பாதைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே கிடந்த சுமூர் அசின் சந்தில், ஒரு வீட்டின் தரையை ஒரு சாண் உயர்த்தினால் அந்த வீட்டு மனிதர்கள் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சாண் குறைந்துவிடுவார்கள். இதில் யாருக்கும் வலி இருந்ததில்லை. கடல் தினமும் வீட்டுக்குள் வந்து போனது, நிலம் வருஷா வருஷம் உள்ளே இறங்கியது, ஆகவே தரையில் மண்ணும் சிப்பி ஓடும் கொட்டி மேலே சிமென்ட் பூச வேண்டியிருந்தது. கூரையையும் சேர்த்துத் தூக்கிக் கட்டுகிற வசதி அங்கே எவருக்கும் கிடையாது. கூரை இறங்காது, தரை ஏறியே தீரும் என்றால் நடுவில் இருப்பவன்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். மனிதர்கள் விட்டுக்கொடுத்தார்கள். ரிக்‌ஷாக்காரர்கள் பெடலில் மரக்கட்டை கட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக் கால்களை அறுத்தார்கள். குழந்தைகள் அந்தந்த வீட்டு அளவுக்குப் பிறந்தன. சந்தை விட்டு வெளியூர் போனவர்கள் போனபோது இருந்த உயரத்திலேயே நின்றார்கள். போன உயரம் யாருக்கும் திரும்பி வந்ததில்லை. அந்தச் சந்துக் கிழவி ரஸ்மனி ஒரு சாணுக்கும் கீழே வந்துவிட்ட நிலையில் அவள் மகன்கள் தரையை இன்னொரு சாண் உயர்த்தினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவளைக் காணோம். ஏழு நாள் வீட்டை மெதுவாகப் பெருக்கினார்கள், ஏழாம் நாள் வழக்கம்போல ஃபாத்திஹா ஓதி அக்கம்பக்கத்துக்குச் சோற்றுப் பெட்டி கொடுத்தார்கள். சோறு நன்றாகவே இருந்தது.

இந்த ஊரே கடலிடம் வாங்கிய ஊர்தான். புளியமரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, எங்கள் பேச்சில் ‘அசெம் அராங்’, நின்றதால் செமராங் என்று பெயர் வந்தது என்பார்கள். ஒரு காலத்தில் சீனத்துக் கப்பல் தளபதி கரை இறங்கிய இடம் என்று கும்பிடுகிற கோயில் இப்போது கடலை விட்டு வெகுதூரம் உள்ளே இருக்கிறது. நடுவில் உள்ளதெல்லாம் ஆறு கொண்டுவந்து போட்ட சேறு. அந்தச் சேற்றின் மேல் டச்சுக்காரன் கால்வாய் வெட்டினான், கிடங்கு கட்டினான், செம்புக் குவிமாடம் வைத்துத் தேவாலயம் எழுப்பினான், இந்த நாட்டின் முதல் ரயிலை விட்டான். அந்த முதல் ஸ்டேஷன் எது என்று பெரியவர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் கைகாட்டுகிற இடமெல்லாம் தண்ணீர். பிறகு ஓட்டல்களும் தொழிற்சாலைகளும் வந்து பூமிக்கு அடியில் இருந்த நல்ல தண்ணீரை ஆழ்குழாய் போட்டு உறிஞ்சின. உறிஞ்சிய இடம் அமுங்கத்தானே செய்யும்? கடல் அவசரப்படவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்க வருகிற உறவுக்காரரைப் போல, வந்து உட்கார்ந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

காஸ்மோனா அந்தச் சந்தில் மீன் புகை போடுகிறவள். கெளுத்தி மீனையும் திருக்கையையும் தேங்காய்ச் சிரட்டை நெருப்புக்கு மேல் அடுக்கி, அவை தேன் நிறத்துக்கு வரும்வரை புகையில் திருப்பிக்கொண்டே இருப்பாள். புருஷன் சீக்கிரம் செத்துப் போனான். ஒரே மகள் ருமியாத்தி. காஸ்மோனாவின் வாய் நெருப்பு, கை தங்கம். அவள் வைக்கிற மங்குத் குழம்பு, அதாவது புகைமீன் தலையைத் தேங்காய்ப்பாலிலும் காந்தாரி மிளகாயிலும் போட்டுக் கொதிக்கவைப்பது, மேட்டு நகரத்துக்காரர்களைக்கூட முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரவழைத்தது.

ருமியாத்தி கட்டிக்கொண்டவன் ஹென்டார்டோ. நடு நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் ஆழ்குழாய் பம்பு ஓட்டுகிறவன். நல்ல மனிதன், அதிகம் பேசமாட்டான். பெண் பார்க்க வந்த அன்றைக்கே காஸ்மோனா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்க தரைக்கு அடியில இருக்கறத உறிஞ்சி எடுக்கறவர் நீங்கதானா தம்பி?”

“நான் சுவிட்ச் போடறவன் அத்தே. குடிக்கறவங்க வேற.”

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போனது. சம்மதித்துவிட்டாள். கல்யாணத்தை மட்டும் மாப்பிள்ளை வீட்டில் வைப்பதென்று முடிவாயிற்று, ஏனென்றால் சுமூர் அசினில் பந்தல் போட்டால் கடலும் விருந்துக்கு வந்து உட்காரும்.

கல்யாணக் காலையில் எல்லோரும் பறந்தார்கள். தண்ணீர் ஏறுவதற்குள் வேன் சந்தைக் கடக்க வேண்டும். தரையை இரண்டாம் முறை உயர்த்துவதற்குக் கொஞ்ச நாள் முந்தியது அது. முதல் உயர்த்தலிலேயே வாசல் நிலை தாழ்ந்திருந்தது. அன்றைக்குக் கொண்டை உயரம், பூ உயரம். வெளியே வந்தபோது ருமியாத்தி நிலையில் நங்கென்று இடித்துக்கொண்டாள். மல்லிகைச் சரம் நசுங்கிக் காதில் வழிந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வர, “இந்தக் குள்ளனுங்க வீட்டுல எம் பிள்ள பொறக்காது” என்று கத்தினாள். சந்து முழுக்கக் கேட்டது. அந்தச் சந்தில் எதைச் சொல்லியும் திட்டலாம், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடாது. காஸ்மோனா புகைக் கொட்டகையிலிருந்து கையில் தட்டோடு வந்து சேர்வதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

பிள்ளை அந்த வீட்டில் பிறக்கவில்லை. வேறு எந்த வீட்டிலும் பிறக்கவில்லை. இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. டாக்டர்கள் இருவரிடமும் குறையில்லை என்றார்கள். ருமியாத்திக்குக் குறை எங்கே என்று தெரியும். பெற்றவள் மனசு நொந்தால் அது சும்மா விடாது என்பது எங்கள் பக்கம் பால்குடி மறந்த நாளிலிருந்தே கேட்டு வளர்கிற பேச்சு. அதற்குப் பரிகாரமும் உண்டு. நோன்புப் பெருநாள் அன்றைக்குப் பிள்ளைகள் பெற்றவர் காலடியில் மண்டியிட்டு, தலையை அவர்கள் முழங்காலுக்குக் கீழே தாழ்த்தி, மன்னிப்புக் கேட்க வேண்டும். சுங்கெம் என்று அதற்குப் பெயர். பெற்றவர் பாதம் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பிள்ளையின் தலை தாழ்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் வருஷம் ஒருமுறை செய்து, அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போகிற விஷயம்.

முதல் பெருநாளுக்கு அவள் மாப்பிள்ளை வீட்டு உறவையெல்லாம் முடித்துக்கொண்டு மூன்றாம் நாள்தான் வர முடிந்தது. அதற்குள் தரை உயர்ந்து, காஸ்மோனா குறைந்து, உட்காருகிற மணைக்கட்டையின் காலையும் அறுத்துவிட்டிருந்தாள். ருமியாத்தி மண்டியிட்டுக் குனிந்தாள். தலை தாயின் மடிக்கு மேலேதான் நின்றது.

“இன்னும் கீழ” என்றாள் காஸ்மோனா.

“இதுக்கு மேல குனிய முடியலம்மா.”

“அப்ப அடுத்த வருஷம் பாத்துக்கலாம். சாப்பிட்டுப் போ.”

வண்டி தண்ணீரில் மாட்டிக்கொள்ளும் என்று ஹென்டார்டோ வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ருமியாத்தி, ஓட்டலிலிருந்து கொண்டுவந்த லும்பியாச் சுருள் பலகாரப் பெட்டியைத் தாயின் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினாள். அடுத்த வருஷம் குப்புறப் படுத்தாள். அதற்குள் இன்னொரு சாண் ஏறியிருந்தது. அதற்கடுத்த வருஷங்களில் கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்துக் கேட்டாள். ஆனாலும் மனிதத் தலைக்கு ஒரு கனம் உண்டல்லவா, அது தாயின் முழங்காலுக்கு மேலேயே துருத்திக்கொண்டு நின்றது. ஒவ்வொரு முறையும் வீட்டில் மங்குத் வாசனை இருக்கும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஏறுகிற நேரமாகிவிடும். பெட்டியை வைத்துவிட்டு ஓடுவாள்.

ஒரு வருஷம் ஹென்டார்டோ தன் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு யோசனை செய்தான். மாமியாரை இரண்டு கையாலும் பதமாகத் தூக்கி, சந்தில் கிடந்த மீன் மேசையின் மேல் உட்காரவைத்தான். “இப்பக் குனி, சரியா இருக்கும்” என்றான் மனைவியிடம். சந்தே வாயில் கைவைத்து நின்றது. பெற்றவளைப் பச்சைக் குழந்தைபோலத் தூக்குவதா? காஸ்மோனா அந்த உயரத்தில் நேராக உட்கார்ந்துகொண்டு, கடல் இருக்கிற பக்கம் பார்த்தாள்.

“பூச்சாடிய எடுத்த எடத்துல வைங்க தம்பி” என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் அவர்கள் இருவரிடமும் பேசவில்லை. ஹென்டார்டோவும் அதன்பின் யோசனை எதுவும் செய்யவில்லை.

வருஷங்கள் தண்ணீர் போலவே வந்து போயின. கடைசியில் அந்த வீட்டில் தரைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு ஆள் தவழ்ந்து நுழைகிற இடம்தான் மிஞ்சியது. காஸ்மோனா ஒரு சாணுக்கு வந்திருந்தாள். அப்போதும் தொழிலை விடவில்லை. நெத்திலி மட்டும் புகை போட்டாள், ஒவ்வொன்றாக, ஒரு பல்குத்தியால் திருப்பிக்கொண்டு. வாய் மட்டும் குறையவே இல்லை. பெருநாள் கழிந்ததும் சந்து முழுக்க இன்னொரு சாண் உயர்த்துவது என்று சந்துத் தலைவர் பாக் ஜுமாலி, அதாவது ஜுமாலி ஐயா, அறிவித்தார். அவரும் அப்போது இடுப்புயரம்தான்; ஆனால் ஒலிபெருக்கி பழைய ஒலிபெருக்கிதான், செய்தி நடு நகரம் வரை போய்ச் சேர்ந்தது. ரஸ்மனிக் கிழவியை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. இந்தப் பெருநாளை விட்டால் ருமியாத்திக்கு வேறு பெருநாள் இல்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் காலையில் அவள் கடப்பாரையோடு வந்தாள். ஹென்டார்டோவை வாசலிலேயே நிறுத்தினாள். கூரை ஓடுகளைக் கொஞ்சம் பிரித்து நிமிர்ந்து உட்கார இடம் பண்ணிக்கொண்டாள். தாயின் மணைக்கு முன்னால் சிமென்ட் தரையில் முதல் அடியை இறக்கினாள். சந்து உண்டான நாளிலிருந்து அங்கே யாரும் தரையை உடைத்ததில்லை. உடைக்கக்கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவும் இல்லை, சொல்லவேண்டிய தேவை வந்ததில்லை. கீழே கடல் படுத்திருக்கிறது, மேலே நாம் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், இது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

“என்னடி பண்ற?”

“உங்க முழங்காலுக்குக் கீழ போறேம்மா. வேற வழி தெரியல.”

காஸ்மோனா நெத்திலியைத் திருப்பினாள். “தோண்டு, தோண்டு. கொண்டையில இடிச்சப்ப வராத புத்தி கடப்பாரையிலயாவது வருதான்னு பாக்கலாம்.”

ருமியாத்தி நோன்போடு தோண்டினாள். சிமென்ட்டுக்குக் கீழே சிப்பி ஓடு, அதற்குக் கீழே கருப்பு மணல், பிறகு இன்னொரு சிமென்ட். பிறகு செங்கல் பொடி, மண், மறுபடியும் மறுபடியும் சிமென்ட். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த சிமென்ட்டில் தன் அப்பா சாவுக்கு வந்தவர்களுக்கு விரித்த பாயின் அச்சு. ஒவ்வொரு தரையும் ஒரு காலம். கடைசியில் கடப்பாரை ‘ணங்’ என்றது. சிவப்பு ஓட்டுத் தரை. சிறுமியாக அவள் குப்புறப் படுத்துக் கன்னத்தைக் குளிர வைத்துக்கொண்ட தரை. அதைத் தொட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மேலே தாய் நெத்திலியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மஸ்ஜிதில் நோன்பு திறக்கப் பறை அடித்தபோது குழியில் கணுக்கால் தண்ணீர் ஊறியிருந்தது.

பாக் ஜுமாலி வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா ரும், கடலுக்கு நீயே கதவு வெச்சுக் குடுக்கறியே.”

“நாளைக்கு ஒரு நாழி போதும் பாக். தொழுது வந்ததும் குனிஞ்சு எந்திரிச்சு மூடிடறேன். மண்ணுக்கும் சொல்லியாச்சு.”

“அது ஒரு நாழின்னு கடலுக்கு யார் சொல்றது?”

ஆனாலும் அவர் தடுக்கவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். பெருநாளில் அவர்கள் படுகிற பாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொழுகை முடிந்து சந்து முழுவதும் தக்பீர் ஒலித்துக்கொண்டிருந்தது. எல்லா வீடுகளிலும் ஓலைப்பொதிச் சோறு அவிழ்க்கும் வாசனை. ருமியாத்தி புதுப் பாவாடையோடு குழிக்குள் இறங்கி, சிவப்புத் தரையில் மண்டியிட்டாள். தண்ணீர் மார்பளவு வந்தது, குளிர்ந்திருந்தது. அவள் மோவாய் மேல்தரையின் மட்டத்தில் நின்றது. எதிரே, மணையில், பாதத்தைத் தரையில் ஊன்றிக் காஸ்மோனா உட்கார்ந்திருந்தாள், வெள்ளைக் கைக்குட்டையில் தைத்த தொழுகை ஆடையோடு. ருமியாத்தி தலையைத் தாழ்த்தினாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அது தாயின் முழங்காலுக்குக் கீழே போனது.

“நான் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிச்சிடுங்கம்மா. அன்னிக்கு வாசல்ல சொன்னத மன்னிச்சிடுங்க.”

“என்ன சொன்ன?”

ருமியாத்தி நிமிர்ந்து பார்த்தாள். தாய் கேலி செய்யவில்லை. வேறு வழியில்லாமல், அந்த வார்த்தையை மறுபடியும், அதே வீட்டில், தாயின் காலடியில் வைத்துச் சொன்னாள்.

காஸ்மோனா கொஞ்சம் யோசித்தாள். “அப்பிடியா சொன்ன? நான் பின்னால கொட்டாயில இருந்தேன். சந்துல சொன்னாளுக, காதுல போட்டுக்கல. குள்ளமாத்தான இருக்கோம், இதுல என்ன?”

“அப்ப எதுக்கும்மா இத்தன வருஷம்…”

“எதுக்கா?” கிழவியின் குரல் முதன்முதலாக நடுங்கியது. “பொண்ணுக்குப் பெத்தவ கடைசியா ஒரு கவளம் ஊட்டி அனுப்பணும். அதோட எங் கடமை முடியும், ஓம் வாழ்க்க தொடங்கும். ராத்திரியெல்லாம் முழிச்சு, நல்ல கெளுத்தித் தலையாப் பாத்து, மங்குத் வெச்சேன். பிசைஞ்ச கையோட ஓடியாறேன், வேன் போகுது. கை காயற வரைக்கும் நின்னேன்டி அந்த வாசல்ல. வருஷா வருஷம் தலையக் கொண்டாந்து கொண்டாந்து நீட்டுனியே, ஒரு தடவையாவது வாயத் தொறந்தியா? ஒவ்வொரு பெருநாளும் சோறு வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நீ லும்பியாப் பெட்டிய வெச்சுட்டு ஓடுவ.”

“சொல்லியிருக்கலாமேம்மா!”

“கேட்டு வாங்கறதா அது?”

பல வருஷமாகத் தான் தவறான குற்றத்துக்காகத் தலையைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தது ருமியாத்திக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் சோடாப் பாட்டில் மூடியில் மங்குத் இருந்தது, அன்றைக்கும் வைத்திருந்தாள். காஸ்மோனா எழுந்தாள். ஒரே ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து, குழம்பில் தோய்த்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு குழியின் விளிம்புக்கு வந்தாள். அவள் கைக்கு அதுதான் கவளம்.

“ஆ காட்டு.”

ருமியாத்தி வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில்தான் கடல் வந்தது. சத்தம் எதுவும் இல்லை; குழியின் அடியில் சிவப்பு ஓடுகள் பெயர்ந்து, தண்ணீர் தோளுக்கு ஏறி, கழுத்துக்கு ஏறி, பருக்கை வந்த அதே நொடியில் திறந்த வாய்க்குள் நுழைந்தது. அவள் விழுங்கினாள். நாக்கில் உப்பு மட்டும்தான் தெரிந்தது.

பெருநாள் மதியத்துக்குள் சந்து போய்விட்டது. அந்த ஒரு குழி வழியாக வந்த தண்ணீர் எல்லா வீட்டுத் தரைகளையும் அடியிலிருந்து தட்டித் திறந்தது. யாரும் சாகவில்லை. பானைகளும் பாய்களும் ஓலைப்பொதிகளும் ரயில் பாதை வரை மிதந்து போயின. இரண்டு மூன்று வருஷத்தில் எப்படியும் போயிருக்க வேண்டிய சந்துதான். ஆனால் அதை ருமியாத்திக்கு ஆறுதலாகச் சொல்ல ஒருவரும் வரவில்லை, திட்டவும் வரவில்லை. அரசாங்க அடுக்குமாடிக்குப் போக வரிசையில் நின்றபோது அவளைக் கடந்து போனவர்கள் அவள் முட்டியைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர்கள் கண் மட்டத்தில் அதுதான் இருந்தது. அடுக்குமாடியில் கூரை உயரம். அவர்கள் எட்டாத ஜன்னல்களோடு அங்கே இப்போதும் இருக்கிறார்கள்.

காஸ்மோனாவை மீன்கூடையில் வாழையிலை விரித்து ஹென்டார்டோ எடுத்துக்கொண்டு வந்தான். தூக்கியதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ருமியாத்தியைப் பயமுறுத்தியது. ஓட்டலுக்குப் பின்னால், மேட்டு அடிவாரத்தில் இருந்த அவர்கள் வீட்டில், அடுப்படிப் பக்கமாகத் தரையில் மணையைப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டில் எல்லோரும் கீழே பார்த்து நடக்கப் பழகினார்கள். ஒரு நாள் ருமியாத்தி தட்டோடு அவள் பக்கத்தில் வந்து படுத்தாள்.

“மா, அத இன்னொரு தடவ ஊட்டி விடுங்க.”

“கடைசிங்கறது ஒரு தடவதான்டி.”

“அன்னிக்கு உள்ள போச்சா இல்லையான்னே தெரியலம்மா.”

“எனக்கு மட்டும் என்ன தெரியும்? எங் கை ஓம் பல்லு வரைக்கும்தான் வந்துச்சு.”

அன்றிலிருந்து ருமியாத்திக்கு எதைச் சாப்பிட்டாலும் கடல் உப்பாகவே இருந்தது. சமையலில் உப்புப் போடுவதையே விட்டுவிட்டாள். ஹென்டார்டோ முறையிடவில்லை, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தான். பிள்ளையைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு எழவே இல்லை.

மூன்றாவது மழைக்காலத்தில் அடுப்படித் தரையில் ஈரம் கண்டது. முதலில் குழாய் ஒழுகுகிறது என்றார்கள். பிறகு ஹென்டார்டோ குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு, வெகுநேரம் குனிந்தபடியே இருந்தான். மேட்டு அடிவாரம் அமுங்காது என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவன்தான் சொன்னவன். இரண்டு மாதத்தில் தண்ணீர் தினமும் வந்து போக ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரில் கையை விரித்து வைத்து, ஒரு சாண் உயர்த்தினால் போதும் என்று அளந்தான். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தான். கையைச் சுருக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ருமியாத்தி செங்கல் வைத்து, அதன் மேல் மணையை வைத்தாள். காஸ்மோனா இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். பாதம் தரையில் இருக்க வேண்டும். தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. இருமல் வந்தது. ஒரு நாள் மாலையில் அவளே கூப்பிட்டாள்.

“தம்பி, மண்ணுக்குச் சொல்லுங்க.”

“அத்தே…”

“ஈரத்துல எத்தன நாள் ஒக்காரச் சொல்றீங்க? ரஸ்மனி போகலயா? வெள்ளிக்கெழம நல்ல நாள்தான்.”

ருமியாத்தி சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். வேறு வீடு பார்க்கலாம் என்றாள், அடுக்குமாடிக்குப் போகலாம் என்றாள், ஒவ்வொன்றுக்கும் அவளுக்கே பதில் தெரிந்திருந்தது. மண் வண்டி திங்கட்கிழமை வந்தது. கொத்தனார்கள் அடுப்படியைக் கடைசியாக வைத்துக்கொண்டார்கள். அவர்களும் கடற்கரைச் சந்துகளில் வேலை பார்த்தவர்கள், கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வியாழக்கிழமை ருமியாத்தி சந்தைக்குப் போய் நல்ல கெளுத்தித் தலை வாங்கி வந்து மங்குத் வைத்தாள். மகள் தாய்க்குக் கடைசிக் கவளம் ஊட்டுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அவள் புதுத் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை ஒட்டவைத்து, விரல் நுனியில் ஒரு பருக்கையைக் குழம்பில் தோய்த்து நீட்டினாள். காஸ்மோனா இரண்டு கையாலும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். நிதானமாக மென்றாள். மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உப்பு பத்தல” என்றாள் காஸ்மோனா.

வெள்ளிக்கிழமை காலையில் மணை காலியாக இருந்தது. வீட்டை ஏழு நாள் மெதுவாகப் பெருக்கினார்கள். ஏழாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அக்கம்பக்கத்தார் வந்தார்கள், பாக் ஜுமாலி அடுக்குமாடியிலிருந்து ஒரு மகனின் தோளில் உட்கார்ந்து வந்தார். சோற்றுப் பெட்டியில் மங்குத் வைத்தார்கள், அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி உப்புப் பார்த்துப் போட்டாள். ருமியாத்தியின் பாவாடை ஒரு சாண் தரையில் இழுபட்டது. ஊசி நூல் கேட்டு வாங்கி மடித்துத் தைத்துக்கொண்டாள். மறுநாள் ஹென்டார்டோ வேலைக்குப் போனான். பம்பு அறையில் சுவிட்ச் அவனுக்கு எட்டவில்லை. வெளியே கிடந்த ஒரு செங்கல்லை எடுத்து வந்து போட்டு, அதன் மேல் ஏறிச் சுவிட்சைப் போட்டான்.